வைக்கோல் கன்று

பக்கிரிசாமி பெரிய மனிதரானது மாட்டுச் சாணியால்தான் என்று சொன்னால் அவருடைய சிநேகிதர்களுக்குக் கோபம் வரும். வந்தால் வரட்டும். கடல் கடந்த சிலாங்கூரின் பிரிக்பீல்ட்ஸில் ஆற்றோரமாக, ரயில்வே குவாட்டர்ஸுக்குப் பின்னால் வரிசையாக நின்ற மாட்டுக் கொட்டகைகளையும், அவற்றை ஊரைவிட்டு அப்புறப்படுத்தச் சொல்லி நகரத்தை நிர்வகிக்கும் போர்டு போட்ட உத்தரவையும் கழித்துவிட்டுப் பார்த்தால், அவரிடம் மிஞ்சுவது ஒரு கறுப்புக் கோட்டும் நல்ல மீசையும்தான். இது அவருடைய அக்காள் வீரம்மாவின் கருத்து. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, மாடுகளைத் தவிர.

வீரம்மாவின் புருஷன் ரயில் ரோட்டில் வேலை பார்த்துக் காய்ச்சலில் போனவன். அவன் போனபிறகு அவளுக்கு இருந்தவை இரண்டு மாடுகளும், நாகப்பட்டணத்தில் கப்பலேறி வந்து இறங்கியிருந்த தம்பியும்தான். மாடுகள் புல்லைத் தின்று பால் கொடுத்தன. தம்பி பாலைக் குடித்து யோசனை சொன்னான். ஆற்றோரத்துச் சதுப்பில் ரயில் எஞ்சின் கரித்தூளைக் கூடை கூடையாகச் சுமந்து கொட்டி, மேடாக்கி, அதன்மேல் கொட்டகை போட்டவள் வீரம்மா. அந்தக் கரி அவள் உள்ளங்கை ரேகையில் கடைசிவரை போகவில்லை. அவளைப் பார்த்து அய்யாவுவும் மற்றப் பால்காரர்களும் பக்கத்தில் பக்கத்தில் கொட்டகை போட்டார்கள்.

மேட்டுப் பங்களாக்களுக்குப் பால் கொண்டுபோகும் வேலை பக்கிரியுடையது. போகத் தொடங்கிய சில மாதங்களிலேயே அவன் ஒரு விதியைக் கண்டுபிடித்தான். துரைமார் வீட்டுப் பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேரக்கூடாது, தண்ணீரெல்லாம் குவாட்டர்ஸ் ஜனங்களுக்குப் போகட்டும் என்பது அந்த விதி. வீரம்மாவும் மறுபேச்சுப் பேசாமல் அப்படியே செய்தாள். தன் ஜனங்களுக்குத் தண்ணீர், மேட்டுக்குப் பால் என்ற இந்தக் கொள்கையை அவன் பின்னாளில் சட்டசபை வரைக்கும் மாற்றாமல் கொண்டுபோனான். அந்த விஷயத்தில் அவனைக் குறை சொல்ல முடியாது. ஒரே கொள்கையில் நின்றவன்.

பங்களாச் சமையற்காரர்களிடம் நின்று நின்று இங்கிலீஷும் படித்துக்கொண்டான். முதலில் 'குட் மார்னிங்', பிறகு 'வெரி ப்யூர், சார்', அப்புறம் மெதுவாக மற்றதெல்லாம். துரைசானிகளுக்கு அவன் பாலும் பிடித்தது, குனிகிற விதமும் பிடித்தது.

பெரிய காய்ச்சல் பரவி ஊரே பிணம் சுமந்த வருஷம். காய்ச்சலுக்குக் காரணம் ஈ, ஈக்குக் காரணம் சாணி என்று சுகாதாரத் துரை கண்டுபிடித்தார். ஆற்றோரத்துக் கொட்டகைகளையெல்லாம் பிரித்துக்கொண்டு செராஸுக்கு அப்பால் காட்டோரம் போய்விட வேண்டும் என்று போர்டு உத்தரவு போட்டது. அங்கிருந்து பாலைச் சுமந்து மேட்டுக்கு வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிப் பால் திரிந்துவிடும். மாட்டையே வாசலுக்கு ஓட்டிவந்து கண்ணெதிரே கறந்து கொடுக்கிற வாடிக்கையை நினைத்துப் பார்க்கவே வேண்டாம். அத்தனை தூரம் நடந்த மாடு பங்களா வாசலில் படுக்குமே தவிரக் கறக்காது. செராஸ் என்றால் பால் வியாபாரத்துக்கு முழுக்கு என்று அர்த்தம். வீரம்மாவுக்கு அதற்குமேலும் ஒன்று இருந்தது. கையால் மேடாக்கிய மண் அது, அவளுடையது என்று சொல்ல இந்த நாட்டில் வேறெதுவும் கிடையாது.

பால்காரர்கள் கூட்டமாகப் போர்டுத் தலைவர் துரையைப் பார்க்கப் போனார்கள். இங்கிலீஷ் தெரிந்தவன் என்று பக்கிரியை முன்னால் விட்டார்கள். சதுப்பைத் தூர்த்தது நாங்கள், போகச் சொன்னால் நாளையிலிருந்து ஒரு வீட்டுக்கும் பால் வராது, இதை அப்படியே சொல்லு என்று அய்யாவு படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தான். பக்கிரி துரையிடம் இங்கிலீஷில் சொன்னது வேறு. இந்த ஏழைகள் துரைமாரைத் தாய் தகப்பனாக நினைக்கிறார்கள், கொஞ்சம் தவணை கொடுத்தால் வாழ்நாளெல்லாம் நன்றியோடு இருப்பார்கள் என்றான். துரை தினமும் காலையில் அவன் பாலைக் குடிக்கிறவர். யோசித்துப் பார்த்து, உத்தரவைக் கொஞ்ச காலத்துக்கு ஒத்திவைப்பதாகச் சொன்னார். வெளியே வந்ததும் பால்காரர்கள் பக்கிரிக்கு மாலை போட்டார்கள். அய்யாவு சொல்லச் சொன்னதை அவன் கர்ஜித்ததாகவும், துரை நடுங்கிப்போனதாகவும் அன்று சாயங்காலத்துக்குள் கதை பரவியது. அந்தக் கதையைப் பக்கிரி மறுக்கவில்லை.

வீரம்மா மட்டும் வீட்டுக்கு வரும் வழியில் ரத்துப் பண்ணிவிட்டார்களா என்று கேட்டாள். ஒத்திவைத்திருக்கிறார்கள் என்றான். அப்படியானால் மறுபடி வருமே என்றாள்.

"வந்தா மறுபடியும் போய்ப் பேசுவோம்க்கா. நான் இருக்கேன்ல?" என்றான் பக்கிரி.

அவன் இருந்தான். உத்தரவும் இருந்தது. இரண்டும் சேர்ந்தே வளர்ந்தன. உத்தரவு நடந்துவிட்டால் பால்காரர் கிடையாது. உத்தரவு செத்துவிட்டால் பக்கிரி எதற்கு? சாகவும் விடாமல் நடக்கவும் விடாமல் அதற்குப் பத்தியம் பார்த்து வளர்த்ததில் அவன் காட்டிய பொறுமையை எந்த மாட்டிடமும் காட்டியதில்லை. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை உத்தரவு எழுந்து உட்காரும். பால்காரர்கள் கலங்கிப்போய் அவனிடம் ஓடுவார்கள். அவன் கோட்டை மாட்டிக்கொண்டு போவான், ஒத்திவைத்துவிட்டு வருவான். மாலை விழும். இத்தனை ஜனங்களை அமைதியாக வைத்திருக்கிறானே என்று துரைமாருக்கும் அவன்மேல் மதிப்பு உயரும். போர்டில் ஒரு இந்தியரை நியமிப்பது என்று முடிவானபோது, எம்.ஏ. படித்தவர்களும் வக்கீல்களும் வாசலில் நிற்க, நாற்காலி பக்கிரிக்குப் போனது. படித்தவர்கள் கேள்வி கேட்பார்கள். பக்கிரி நன்றி சொல்வான்.

இந்த இடத்திலிருந்து நாமும் அவனை 'அவர்' என்று சொல்லிவிடுவது நல்லது. ஊர் அப்படித்தான் சொல்ல ஆரம்பித்தது. பக்கிரி என்ற பெயர் பக்கிரிசாமி ஆகி, மிஸ்டர் பக்கிரிசாமி ஆகி, மேட்டின் அடிவாரத்தில் வீடு கட்டியபிறகு வாசற்பலகையில் பி. சாமி என்று சுருங்கியது. மனைவி நல்லம்மாள் அந்த வீட்டுக்கு வந்தபிறகு கொட்டகைப் பக்கம் கால் வைத்ததில்லை. சாணி வாடை அவளுக்குத் தலைவலி என்று சொல்லிக்கொண்டாள். மூன்று வேளையும் அந்தக் கொட்டகையின் பாலில் காப்பி குடித்தபோது வலிக்கவில்லை.

ஆறு பெருகி ஊரை முழுங்கிய வருஷம் கொட்டகைகள் கூரைவரை தண்ணீரில் நின்றன. வீரம்மா கழுத்தளவு வெள்ளத்தில் மாடுகளை ஒவ்வொன்றாக ரயில் மேட்டுக்கு இழுத்துப் போனாள். இரண்டு மாடு போயிற்று. சாமி ஒரு தோணியில் போட்டோ பிடிக்கிறவரையும் ஏற்றிக்கொண்டு வந்து, தலையில் தொப்பியோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார். தோணியில் இடம் இருந்தது. ஒரு கன்றையாவது ஏற்றிக்கொள் என்று அவள் கத்தினாள். படம் கலைந்துவிடும் என்று போட்டோக்காரர் சொன்னதால் ஏற்றவில்லை. அந்தப் படம் பத்திரிகையில் வந்தது. வெள்ளத்தைக் காரணம் காட்டிப் போர்டு உத்தரவை மறுபடி தூசி தட்டியது, சாமியும் மறுபடி ஒத்திவைத்தார். அடுத்த கௌரவப் பட்டியலில் ஜே.பி. என்ற கௌரவ நீதிபதி ஆனார். அதற்கடுத்து சிலாங்கூரின் சட்டசபையான கவுன்சிலில் நாற்காலி.

கவுன்சில் அங்கத்தினருக்கு ஊர் ஊராக வரவேற்பு நடந்தது. ரவாங்கில் வெள்ளிப் பேழையில் வைத்து வாழ்த்துப் பத்திரம் வாசித்தார்கள். கிள்ளானில் நாதஸ்வரத்தோடு ஊர்வலம். டெங்கிலில் பக்கத்துத் தோட்டத்து ஜனங்கள் தண்ணீர்க் குழாய் கேட்டுக் கும்பிட்டார்கள். விஷயம் அரசாங்கத்தின் கவனத்தில் இருக்கிறது என்று எல்லா ஊரிலும் ஒரே பதிலைச் சொன்னார். எல்லா ஊரிலும் கைதட்டினார்கள்.

கித்தா என்கிற ரப்பரின் விலை விழுந்தது. தோட்டத்து ஜனங்களைக் கப்பல் கப்பலாக ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். பால் பாத்திரத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வீரம்மா ஸ்டேஷனுக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். குழந்தையும் மூட்டையுமாக ரயில் நிறைய ஏற்றியிருந்தார்கள். தம்பி ஏதாவது சொல்வார் என்று பால்காரர்கள் எதிர்பார்த்தார்கள். அவர் துறைமுகத்துக்குப் போய், கப்பலேறுகிற ஜனங்களில் முதலில் நின்றவருக்கு ஒரு மாலை போட்டு வழியனுப்பினார். அந்த மாலையும் கப்பல் கம்பெனி வாங்கிக் கொடுத்தது. இத்தனை பக்குவமான மனிதரை இனியும் சிலாங்கூரோடு நிறுத்தி வைப்பது நியாயமில்லை என்று மேலிடத்தில் தோன்றியிருக்க வேண்டும். அந்த வருஷமே நாடு முழுவதற்குமான பெடரல் கவுன்சிலுக்கு நியமனமானார். ஜனங்கள் அதைப் பெரிய கவுன்சில் என்றார்கள்.

அந்தச் சமயம் வீரம்மாவின் கொட்டகையில் மயிலை என்றொரு பசுவின் கன்று செத்துப்போனது. கன்று முகம் பார்க்காமல் மயிலை சுரக்காது. அய்யாவு கன்றின் தோலை உரித்து, உப்புப் போட்டுக் காயவைத்து, வைக்கோல் திணித்துத் தைத்து, நான்கு மூங்கில் குச்சியைக் காலாக வைத்துக் கொடுத்தான். கறக்கும்போது வீரம்மா அதன்மேல் உப்புத் தண்ணீரைத் தெளித்து முன்னால் நிறுத்துவாள். மயிலை அதை நக்கும், மடி இறங்கும். நிறையத் தவிடு வைத்துப் பழக்கினாலும் மாடு சுரக்கும்தான். தவிடு விலை ஏறிக் கிடந்தது. வைக்கோல் கன்றுக்குச் செலவில்லை.

பெரிய கவுன்சில் அங்கத்தினருக்குப் பிரிக்பீல்ட்ஸில் பந்தல் போட்டுத் தேநீர் விருந்து வைப்பதாக ஏற்பாடு. சிலாங்கூரையே ஆளுகிற ரெசிடென்ட் துரையே வருகிறார். சாமி ரொம்ப காலத்துக்குப் பிறகு கொட்டகைக்கு வந்தார். மூக்கில் கைக்குட்டை இருந்தது. தான் பால்காரக் குடும்பத்தில் பிறந்து உயர்ந்தவன் என்பது துரைக்குப் பிடித்த விஷயம், அதனால் துரையின் முன்னாலேயே அக்காள் ஒரு மாட்டைக் கறந்து அந்தப் பாலில் தேநீர் கொடுக்க வேண்டும் என்றார். மற்ற விருந்தாளிகளுக்குப் பால்காரர்கள் இனாமாகப் பால் கொண்டுவந்துவிடுவார்கள். எளிமையாக இருந்து உயர்ந்தவர் எளிமையைக் காட்டுவதற்கு ஒரு மாட்டையும் ஒரு அக்காளையும் இரவல் வாங்க வந்திருந்தார்.

உத்தரவு என்ன ஆயிற்று என்று வீரம்மா கேட்டாள்.

"அது ஒத்திவெச்சுத்தானே இருக்கு. அன்னிக்கு நீ ஒண்ணும் பேச வேணாம்க்கா. கறந்தா போதும். தொரை கேட்டா நான் பேசிக்கறேன்."

அவள் சரி என்றாள். மனத்துக்குள் வேறு கணக்கு. இத்தனை வருஷமும் துரைக்கும் அவளுக்கும் நடுவில் தம்பி நின்றார். இப்போது கூப்பிட்ட குரலுக்கு எட்டும் தூரத்தில் துரை உட்காரப்போகிறார். 'தொரே, கொட்டகை உத்தரவை ரத்து பண்ணுங்க' என்று ஒரே ஒரு வாக்கியம். தம்பியால் அதையாவது இங்கிலீஷில் சொல்லாமல் இருக்க முடியாது, எல்லாருக்கும் முன்னால் அக்காள் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டால் எப்படி முழுங்குவார் என்று நினைத்தாள். கறக்கும்போதெல்லாம் மயிலையிடம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

விருந்தன்று பந்தலில் தோரணமும் கொடியும் நாற்காலியுமாக அமர்க்களப்பட்டது. ரெசிடென்ட் துரையும் துரைசானியும் நடுவில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் கிள்ளானுக்குப் புதிதாக வந்திருந்த இளவயது லேபர் துரை. தோட்டத்து ஜனங்களைக் கவனிக்கிற உத்தியோகம் அவருக்கு. சாமி எழுந்து தன் வரலாற்றைப் பேசினார். அதில் வெள்ளம் வந்தது, தோணி வந்தது, ஏழ்மை வந்தது. அக்காள் வரவில்லை. பேச்சு முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் வீரம்மா மயிலையை ஓட்டிக்கொண்டு வந்தாள்.

கொட்டுமேளத்தில் மிரண்ட மாடு மடியை இறுக்கிக்கொண்டது. அவள் வைக்கோல் கன்றை அதன் முன்னால் நிறுத்தி உப்புத் தண்ணீர் தெளித்தாள். மயிலை முகர்ந்தது. நக்கியது. செம்பில் பால் சத்தம் கேட்டது. துரைசானி ஆச்சரியப்பட்டு ஏதோ கேட்க, சாமி விளக்கினார். ரெசிடென்ட் துரையும் நாற்காலியை விட்டு எழுந்து கிட்டே வந்து, கைத்தடியால் கன்றைத் தட்டிப் பார்த்தார். வைக்கோல் சத்தம் வந்தது. இந்த மாடு இதைக்கூடவா கண்டுபிடிக்காது, இத்தனை முட்டாளா என்று கேட்டார். சாமி சிரித்துக்கொண்டே அதைத் தமிழில் அக்காளிடம் சொன்னார்.

வீரம்மா கறப்பதை நிறுத்தவில்லை. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. மாட்டை முட்டாள் என்று சொன்னால் அவளுக்கு எப்போதும் கோபம் வரும்.

"மாட்டுக்குத் தெரியும் தொரே. அது பெத்த கன்னு இல்லேன்னு நல்லாத் தெரியும். முன்னால வேற எதையும் நிறுத்தலைன்னா இதைத்தான் நக்கணும், என்ன செய்யும்? மடி கனக்குதில்ல?"

சாமி தொண்டையைச் செருமிக்கொண்டார். இந்த மாடு எங்கள் எல்லாரையும் போலவே மிகுந்த திருப்தியோடு இருப்பதாக என் அக்காள் சொல்கிறாள் என்று இங்கிலீஷில் சொன்னார்.

லேபர் துரை களுக்கென்று சிரித்துவிட்டார். சென்னைப் பட்டணத்தில் முன்ஷி வைத்துத் தமிழ் படித்துப் பரீட்சை கொடுத்துவிட்டு வந்தவர் அவர் என்பது பந்தலில் யாருக்கும் தெரியாது. வீரம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ரெசிடென்ட் துரையிடம் சொன்னார். சாமியின் முகம் வெளுத்தது. ரெசிடென்ட் துரை கோபப்பட்டிருந்தால் சாமிக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். அவர் கோபப்படவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கைத்தடியை இடுக்கிக்கொண்டு, சாமியின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். கன்றைத் தட்டிய அதே தட்டு. சாமியும் சேர்ந்து சிரித்தார்.

வெள்ளைக்காரர் ஒருவருக்குத் தமிழ் தெரிகிறது என்று கண்டதும் வீரம்மாவுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. செம்பைக் கீழே வைத்துவிட்டு லேபர் துரையைப் பார்த்துக் கும்பிட்டாள். மயிலையிடம் சொல்லிப் பழகிய வாக்கியத்தைத் திக்காமல் சொன்னாள். அந்த மேடு தன் கையால் போட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

துரை நல்லவர்தான். தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு முன்ஷி கற்றுக்கொடுத்த தமிழில் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகப் பேசினார்.

"அம்மா, தாங்கள் அறியவில்லையா? சென்ற மாதம் சபையில் அந்தச் சட்டம் நிறைவேறிவிட்டது. கொட்டகைகள் யாவும் இரண்டு திங்களுக்குள் செராஸ் போக வேண்டும். அதை ஆதரித்துத் தங்கள் தம்பியார்தாம் பேசினார். நான் மாடுகளுக்கு நடுவே வளர்ந்தவன், அந்த அசுத்தத்தை நான் அறிவேன் என்று மிக அழகாகப் பேசினார். தங்கள் ஜனங்களின் குரல் அவர். அவரே வேண்டாம் என்ற பிறகு நாங்கள் எப்படி வேண்டும் என்பது?"

சொந்த ஜனத்துக்கு எதிராகவே பேசத் துணிந்த நடுநிலையாளர் என்று இங்கிலீஷ் பத்திரிகைகள் சாமியை எழுதித் தள்ளியிருந்தன. பால்காரர்கள் யாரும் இங்கிலீஷ் பத்திரிகை படிப்பதில்லை. படித்த கிளார்க்குமார்கள் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். அவர்களுக்கும் சாணி வாடை ஆகாது.

வீரம்மா தம்பியைப் பார்த்தாள். கழுத்தளவு வெள்ளத்தில்கூட அவளுக்கு இப்படிக் கால் தரையில் பாவாமல் போனதில்லை.

"நீயா பேசினே, பக்கிரி?"

"அப்புறம் பேசலாம்க்கா. எல்லாரும் பாக்கறாங்க," என்றார் சாமி, இங்கிலீஷில் சிரிக்கிற முகத்தோடு.

வீரம்மா மாட்டின் பக்கம் திரும்பினாள். பாதி நிறைந்த செம்பை எடுத்து இடுப்பில் வைத்தாள். வைக்கோல் கன்றை மறு பக்கத்தில் இடுக்கினாள். மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாற்காலிகளுக்கு நடுவில் போட்டிருந்த சிவப்புக் கம்பளத்தின்மேலேயே நடந்து வெளியே போனாள். தேநீர் அடுப்பின் பக்கத்தில் பால் குடங்களோடு நின்ற அய்யாவு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அவன் ஒரு குடத்தைத் தூக்கினான். மற்றப் பால்காரர்கள் மற்றக் குடங்களைத் தூக்கினார்கள். கனம் அங்கத்தினருக்கான வரவேற்பு பாலில்லாத் தேத்தண்ணியோடு முடிந்தது. போகிற வழியில் மயிலை கம்பளத்தின்மேல் சாணி போட்டது என்றும் சொல்வார்கள். மாடு எங்கே வேண்டுமானாலும் போடும், அதற்கு அரசியல் காரணம் கற்பிக்கத் தேவையில்லை.

மறுநாள் காலை மேட்டில் ஒரு பங்களாவுக்கும் பால் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. அய்யாவு எப்போதோ ஒரு நாள் பக்கிரியிடம் சொல்லி அனுப்பி, போய்ச் சேராமல் போன வார்த்தையை இந்தத் தடவை மாடுகளே சொல்லிக்கொண்டிருந்தன. கறந்த பாலை என்ன செய்வது என்று தெரியாமல் வீரம்மா குவாட்டர்ஸ் ஜனங்களுக்குச் சும்மா ஊற்றினாள். பிறந்ததிலிருந்து தண்ணீர் கலந்த பாலைக் குடித்து வளர்ந்த குழந்தைகள் கலப்படமில்லாத பாலைக் குடித்துவிட்டு வயிற்றுப்போக்கில் கிடந்தன. அதைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் தண்ணீர் ஊற்றியது அவள் கைதான்.

மேட்டில் துரைசானிகள் டின் பாலைக் கரைத்துப் பார்த்தார்கள். குழந்தைகள் துப்பின. ஆயாக்கள் பால் தேடிப் பாசார் முழுக்கக் கடை கடையாக அலைந்தார்கள். துரைமார் முதலில் ஆப்பீஸில் கோபமாக இருந்தார்கள், பிறகு வீட்டில் பயமாக இருந்தார்கள். கடைசியில், செராஸ் பக்கத்துப் பாதை இன்னும் செப்பனிடப்படவில்லை என்று போர்டுக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. பாதை சரியாகும்வரை கொட்டகைகள் இருக்கும் இடத்திலேயே இருக்கலாம் என்று அறிவித்தார்கள். அந்த அறிவிப்பு வெளியான பத்திரிகையிலேயே, இது கனம் பி. சாமி அவர்களின் இடைவிடாத முயற்சியின் பலன் என்றும் எழுதியிருந்தது. அவருடைய பதவிக் காலத்தை நீட்டித்த செய்தி அதற்குக் கீழே.

அன்று சாயங்காலமே அவர் கொட்டகைக்கு வந்தார். இந்தத் தடவை கைக்குட்டை இல்லை. தொப்பியைக் கழற்றி, கயிறு மாட்டுகிற ஆணியில் உரிமையோடு மாட்டினார். வீரம்மா மயிலையைக் கறக்க உட்காரப் போகிற நேரம். வைக்கோல் கன்று பக்கத்தில் நின்றது. நக்கி நக்கி அதன் முதுகில் முடியெல்லாம் உதிர்ந்திருந்தது. விருந்தன்று நடந்ததைத் தான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்று சாமி பெரிய மனது பண்ணிச் சொன்னார். பால்காரர்கள் சேர்ந்து சின்னதாக ஒரு பாராட்டுக் கூட்டம் வைத்தால் மேலிடத்துக்கும் நல்லபடியாக இருக்கும், அக்காளே மாலை போட்டால் ரொம்ப நல்லது என்றார். இதைக் கேட்டபிறகு அவனை 'அவர்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ரத்து ஆச்சா?" என்று கேட்டாள் வீரம்மா.

"ஒத்திவெச்சிருக்குக்கா," என்றான் பக்கிரி.

அவள் கூரையில் செருகியிருந்த புல்லறுக்கும் அரிவாளை எடுத்தாள். அவன் ஒரு அடி பின்னால் போனான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. வைக்கோல் கன்றைக் கவிழ்த்துப் போட்டு, அய்யாவு போட்ட தையலை வயிற்றிலிருந்து கழுத்துவரை அறுத்தாள். மூங்கில் குச்சிகளை உருவிப் போட்டாள். உள்ளேயிருந்த வைக்கோலை இரண்டு கையாலும் அள்ளித் தொட்டியில் உதறினாள். மயிலை முகர்ந்து பார்த்தது. தின்னத் தொடங்கியது.

"என்னக்கா இது? இனிமே எதைக் காட்டிக் கறப்பே?"

"தவிடு வெக்கப் போறேன். தவிடு வெச்சாலும் மாடு சுரக்கும் பக்கிரி. வெக்க மனசு இல்லாமத்தான் இத்தனை நாளா இதைக் காட்டிக்கிட்டுக் கிடந்தேன்."

வெறும் தோலை உதறினாள். ஆணியிலிருந்த தொப்பியை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு, அந்த ஆணியில் தோலை மாட்டினாள். பிறகு செம்பைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"நாளைக்கு நானும் அய்யாவுவும் கிள்ளானுக்குப் போறோம். அந்தத் தொரைக்குத் தமிழ் தெரியுது. நீ வர வேணாம்."